அட்டவணையில் விட்டுப்போன எண்

நாமக்கல் பக்கம் முட்டையை யாரும் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. அட்டைக் கணக்குதான். ஐந்துக்கு ஆறாக 30 குழி உள்ள சாம்பல் நிற அட்டை. ஏழு அட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 210, அது ஒரு பெட்டி. கப்பலேறி வெளிநாடு போகும் பெட்டி என்றால் 360. புதுச்சத்திரத்துப் பக்கம் இருக்கும் என் அக்காவின் பண்ணையில், கூர்முனை கீழே இருக்கும்படி முட்டைகளைக் குழியில் இறக்கும் பெண்களின் கையைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். ஒரு கைக்கு மூன்று முட்டை, இரண்டு கைக்கும் ஆறு. ஐந்து தடவை கை போனால் அட்டை நிறைந்துவிடும். அவர்கள் எண்ணுவதே இல்லை, அட்டையே எண்ணிக்கொள்கிறது.

அக்கா மகள் அப்போது ஏழாம் வகுப்பு. வகுத்திகள் பாடம் அவளுக்குப் பிடிபடவில்லை. காலி அட்டை ஒன்றைத் தரையில் வைத்து, 24 கூழாங்கற்களைக் கொடுத்து, எத்தனை விதமாகச் செவ்வகம் அடுக்க முடியும் என்று பார்க்கச் சொன்னேன். ஒரே வரிசையில் 24, இரண்டு பன்னிரண்டு, மூன்று எட்டு, நான்கு ஆறு. நான்கு விதம், அதாவது எட்டு வகுத்திகள். அடுத்து முட்டை அட்டையின் எண்ணான 30. அதற்கும் அதே நான்கு விதம்தான்: 1க்கு 30, 2க்கு 15, 3க்கு 10, 5க்கு 6. “ஆறு கல்லு கூடக் குடுத்தும் ஒண்ணும் கூடலீங்களே மாமா” என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு பெரிய கணித ஆராய்ச்சியின் வாசல் இருக்கிறது. 24ஐ மிஞ்ச வேண்டுமானால் 36 வரைக்கும் போயாக வேண்டும். அங்கேதான் முதல்முறையாக ஒன்பது வகுத்திகள் வருகின்றன.

தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு வகுத்திகள் கொண்ட எண்ணை மிகு பகு எண் என்று சொல்லலாம். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று அந்த வரிசை போகிறது. முட்டை அட்டையின் 30 இதில் இல்லை. பெட்டியின் 210க்கு 16 வகுத்திகள் உண்டு, ஆனால் 120க்கே 16 வந்துவிட்டதால் 210க்கும் இடமில்லை. கப்பலேறும் 360க்கு மட்டும் இடம் உண்டு. பகா எண் என்பது எதற்கும் பிரிந்து கொடுக்காதது. இந்த எண்கள் அதற்கு நேர் எதிர்க்கோடியில் நிற்பவை, யார் வந்து கேட்டாலும் பங்கு கொடுப்பவை.

இந்த வரிசையில் வெகுதூரம் தள்ளி நிற்கும் ஓர் எண்ணின் கதைதான் இது: 293318625600. நம் வழக்கில் சொன்னால் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. 2023-24ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் கிடைத்த முட்டைகள் சுமார் 14,277 கோடி. ஆக, நாட்டின் இரண்டு வருட முட்டைக்கும் கொஞ்சம் கூடுதல். அத்தனை முட்டையையும் ஒரே செவ்வகமாக அடுக்குவதற்கு 2,520 விதங்கள் உண்டு. வகுத்திகள் 5,040. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அவ்வளவு வகுத்திகள் கிடையாது.

இந்த எண்ணைப் பார்த்திருக்க வேண்டியவர், பார்க்காமல் தாண்டிப் போனவர், நம் நாமகிரித் தாயாரின் பிள்ளை.

சீனிவாச இராமானுஜன் பிறந்தது ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில், 1887 டிசம்பர் 22. வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில். ஆனால் அந்தக் குடும்பத்தின் தெய்வம் நாமக்கல்லில் இருந்தது. ஊரின் நடுவே ஒரே கல்லாக எழுந்து நிற்கும் மலை, அதன் மேல் கோட்டை, அடிவாரத்தில் கமலாலயக் குளம், பாறையைக் குடைந்த நரசிம்மர் சன்னிதி, அருகே தாயார் நாமகிரி. நரசிம்மரை நோக்கிக் கைகூப்பியபடி கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கிற 18 அடி ஆஞ்சநேயரைத்தான் வெளியூர்க்காரர்கள் பார்க்க வருவார்கள். உள்ளூரில் தாயாருக்கு நேர்ந்துகொள்ளும் குடும்பங்கள் தனி. இராமானுஜனின் அம்மா கோமளத்தம்மாள் பிள்ளை வரம் வேண்டி நின்றது இந்தத் தாயாரிடம்தான். கணக்கெல்லாம் நாமகிரி கொடுத்தது என்று மகன் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பள்ளிக்காலத்திலிருந்து அவருடைய கணக்கு நடந்தது சிலேட்டில். காகிதத்துக்குக் காசு ஏது? பலப்பத்தால் எழுதுவார், முழங்கையால் அழிப்பார், முடிவை மட்டும் நோட்டில் ஏற்றுவார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தா வேலை கிடைத்த பிறகும் சிலேட்டு போகவில்லை. துறைமுக அதிகாரி நாராயண ஐயரின் திருவல்லிக்கேணி வீட்டில், இரவு நெடுநேரம் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு இராமானுஜன் கடிதம் எழுதியதும், அவர் இங்கிலாந்துக்கு வரச்சொல்லி அழைத்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை.

கடல் தாண்டுவது ஆசாரத்துக்கு ஆகாது என்று இராமானுஜன் முதலில் மறுத்தார். அந்த மறுப்பு கரைந்தது எப்படி என்பதற்கு இரண்டு விவரங்கள் சொல்லப்படுகின்றன. அம்மாவின் கனவில் மகன் வெள்ளைக்காரர்கள் நடுவே அமர்ந்திருக்க, நாமகிரித் தாயார் வழிவிடச் சொன்னதாக ஒன்று. இராமானுஜனும் நாராயண ஐயரும் நாமக்கல்லுக்கே வந்து, கோயிலில் மூன்று இரவு படுத்திருந்து, மூன்றாம் இரவு இராமானுஜனுக்கே உத்தரவு கிடைத்ததாக இன்னொன்று. இரண்டில் எது நடந்திருந்தாலும் முடிவு எடுக்கப்பட்ட வாசல் இந்த மலையடிவாரம்தான். அன்றைக்கு நாமக்கல்லுக்கு ரயில் கிடையாது. நூறு வருஷம் கழித்து, 2013இல்தான் சேலம் - கரூர் பாதையில் ரயில் வந்தது. மண்டபத்துக் கல்தரையில் இரவு படுத்தவர்களுக்குத் தெரியும், பகல் முழுக்க வெயிலை வாங்கிய பாறையின் சூடு நடுச்சாமம் வரைக்கும் முதுகில் ஏறிக்கொண்டிருக்கும். அங்கே போகும்போதெல்லாம் அந்த மூன்று இரவுகளை நினைத்துக்கொள்வேன்.

1914 மார்ச் 17 அன்று ‘நெவாசா’ என்ற கப்பலில் அவர் சென்னையை விட்டார். ஏப்ரலில் லண்டன். சில மாதங்களில் உலகப் போர். டிரினிட்டி கல்லூரி அறையில் தானே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, அவர் எழுதிய மிக நீண்ட கட்டுரை 1915இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வந்தது. 347ஆம் பக்கத்தில் தொடங்கி 409ஆம் பக்கம் வரை, முழுக்க முழுக்க இந்த மிகு பகு எண்களைப் பற்றியே. இந்த ஆராய்ச்சிக்காகத்தான் 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது. எஃப்.ஏ. தேர்வில் தவறிப்போன மனிதருக்குக் கிடைத்த முதல் பட்டம்.

கட்டுரைக்குள் அவர் காட்டிய ஒழுங்கு எளிமையானது, அழகானது. மிகு பகு எண்ணைப் பகா எண்களாக உடைத்தால் 2, 3, 5, 7 என்று இடையில் ஒன்றுகூட விடாமல் வரிசையாக வரும். அடுக்குகள் முன்னால் பெரிதாகவும் பின்னால் போகப்போகச் சிறிதாகவும் இருக்கும், ஒருபோதும் ஏறாது. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1. இதற்கு விலக்கு இரண்டே இரண்டு: 4, 36. நெல் அம்பாரம் மாதிரி யோசித்துக்கொள்ளலாம், அடி அகலம், நுனி ஒற்றை மணி. நம் எண்ணை அந்த வடிவில் வைத்துப் பாருங்கள். 2 ஆறு தடவை, 3 நான்கு தடவை, 5 இரண்டு, 7 இரண்டு, அப்புறம் 11, 13, 17, 19 ஒவ்வொன்றும் ஒரு தடவை. எல்லாவற்றையும் பெருக்கினால் 293318625600. ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் எண்ணிக்கை: 7, 5, 3, 3, பிறகு நான்கு 2. பெருக்கினால் 5,040.

கட்டுரையில் ஓர் அட்டவணை. 1இல் தொடங்கி 6746328388800 வரைக்கும், அதாவது 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடிக்கும் மேலே போய் நிற்கிறது. கணினி இல்லை. தேடும் வழியைத் தானே உருவாக்கிக்கொண்டு, கையால் பெருக்கிப் பெருக்கி, ஒப்பிட்டு ஒப்பிட்டு, 102 எண்களை வரிசையில் நிறுத்தினார். உண்மையில் அந்த எல்லைக்குள் 103 எண்கள் இருக்கின்றன. விட்டுப்போன ஒன்று நம்முடையது.

ஒரு முறை விடுமுறையில், விட்டுப்போன எண்ணின் இரு பக்கத்து அண்டை எண்களையும் காகிதத்தில் உடைத்துப் பார்த்தேன். முன்னால் நிற்பது 240940299600, வகுத்திகள் 4,800. பின்னால் நிற்பது 321253732800, வகுத்திகள் 5,376. இரண்டிலுமே 23 வந்துவிட்டது, 7 ஒரே தடவை. நடுவில் இருக்கும் நம் எண்ணில் மட்டும் 23 இல்லை, அதற்குப் பதில் 7 இரண்டு தடவை. பின்னால் நிற்பதிலிருந்து 23ஐ எடுத்துவிட்டு அந்த இடத்தில் 21ஐ வைத்தால் நம் எண் வந்துவிடுகிறது. வரிசை 23ஐ வாங்கிக்கொண்டு முன்னே போகிறது, நடுவில் ஓர் எண் மட்டும் 19லேயே நின்றுவிட்டது. 23 உள்ளவற்றையே தேடிப் போகிற கண் இதைத் தாண்டிப் போவதற்கு எல்லா நியாயமும் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றும் அந்தக் காகிதத்தில் தெரிந்தது. நெஞ்சு ஒரு கணம் நின்றுபோனது. அட்டவணையின் கடைசியில் அவர் எழுதி முடித்த 6746328388800 இருக்கிறதே, அது வேறொன்றுமில்லை, விட்டுப்போன எண்ணை 23ஆல் பெருக்கினால் வருவதுதான். வகுத்திகள் இரு மடங்காகி 10,080. கடைசி வரியை எழுதிய கை, விட்டுப்போன எண்ணைத் தனக்குள்ளே வைத்துக்கொண்டிருந்த ஓர் எண்ணை எழுதிவிட்டுத்தான் பேனாவை வைத்திருக்கிறது.

இதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, மறைக்கவும் மனமில்லை. அவர் பெயர் சொன்னாலே தெய்வ வாக்கு, மந்திரம் என்று பேசுவது நம் ஊர்ப் பழக்கம். 102 சரி, ஒன்று விடுதல் என்ற இந்தக் கணக்குதான் அவரை எனக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறது. குளிர் அறையில், சரியான சாப்பாடு இல்லாமல், பன்னிரண்டு இலக்க எண்களைக் கையால் பெருக்கி உட்கார்ந்திருந்த ஒரு மனிதரின் உழைப்பு அதில் தெரிகிறது. ஹார்டி வந்த வாடகை வண்டியின் எண்ணான 1729ஐ எல்லாப் பள்ளிச் சுவரிலும் எழுதி வைத்திருக்கிறோம். அதற்கு வெறும் எட்டு வகுத்திகள். இந்த எண்ணையும் ஒரு சுவரில் எழுதலாம்.

அட்டவணைக்கு வெளியிலும் அந்தக் கட்டுரைக்கு ஒரு இழப்பு நேர்ந்தது. போர்க்காலம், கணிதக் கழகத்துக்குப் பண நெருக்கடி. அச்சுச் செலவைக் குறைப்பதற்காகக் கட்டுரையின் பிற்பகுதியை இராமானுஜனே நிறுத்தி வைத்துவிட்டார் என்று ஹார்டி பின்னால் பதிவு செய்திருக்கிறார். காகிதம் வாங்க முடியாமல் சிலேட்டில் எழுதியவருக்கு, உலகப் புகழ் பெற்ற கழகத்திலும் காகிதம் போதவில்லை. 1920 ஏப்ரல் 26 அன்று, 32 வயதில், சேத்துப்பட்டில் அவர் காலமானபோது அந்தப் பக்கங்கள் அச்சேறாத கையெழுத்தாகவே கிடந்தன.

மற்றவர்கள் இந்த எண்களை விடவில்லை. 1944இல் அலாவுக்ளு, எர்டஷ் என்ற கணித அறிஞர்கள் இருவரும் சேர்ந்து மிகு பகு எண்களைப் பற்றியும் அவற்றைப் போன்ற எண்களைப் பற்றியும் ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார்கள். கணினி வந்தபிறகு அட்டவணை ஒழுங்காகச் சரிபார்க்கப்பட்டது, 293318625600 தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. நிறுத்திவைத்த பக்கங்கள் 1988இல் ‘தொலைந்த நோட்டுப் புத்தகம்’ என்று அழைக்கப்படும் இராமானுஜனின் கையெழுத்துப் பக்கங்களோடு சேர்த்து அப்படியே படமெடுத்து வெளியிடப்பட்டன. பிறகு நிக்கோலா, ரோபேன் என்ற இரண்டு பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் வரிவரியாகப் படித்து, குறிப்பு எழுதி, ‘ராமானுஜன் ஜர்னல்’ என்ற இதழின் முதல் தொகுதியில் முறையாக அச்சேற்றினார்கள். அது 1997. சேலத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டமானதும் அதே 1997 ஜனவரியில்தான். இரண்டுக்கும் சம்பந்தம் எதுவும் இல்லை, இருந்தும் அந்த வருஷத்தை நான் சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறேன்.

அந்தப் பக்கங்களில் இருந்தது சாதாரணச் சரக்கு இல்லை. வகுத்திகளை எண்ணுவது ஒரு கணக்கு, அவற்றையெல்லாம் கூட்டுவது இன்னொரு கணக்கு. ஓர் எண்ணின் வகுத்திகளின் கூட்டுத்தொகை எவ்வளவு பெரிதாகப் போக முடியும்? பகா எண்களின் பரவலைப் பற்றி ரீமான் 1859இல் வைத்த அனுமானம் உண்மை என்று எடுத்துக்கொண்டால், போதுமான அளவு பெரிய எண்களுக்கெல்லாம் அந்தத் தொகைக்கு ஒரு வரம்பு உண்டு என்பது இராமானுஜன் நிறுத்திவைத்த பக்கங்களில் இருந்து வருகிறது. 1984இல் அதே ரோபேன் அதை முழு வட்டமாக முடித்தார். 5,040க்கு மேலே உள்ள ஒவ்வொரு எண்ணும் அந்த வரம்புக்குள் நின்றால் ரீமான் சொன்னது உண்மை, ஒன்றே ஒன்று தாண்டினாலும் பொய். இன்றுவரை யாராலும் எந்தப் பக்கமும் நிரூபிக்க முடியாத, கணிதத்தின் மிகப் பெரிய கேள்வி அது. அதன் வாசற்படியில் நிற்கும் எண் 5,040. நம் விட்டுப்போன எண்ணின் வகுத்திகள் எத்தனை என்று மேலே சொன்னேன், அதே 5,040.

இந்த 5,040ம் ஒரு மிகு பகு எண்தான். குடிமக்களை எல்லா விதத்திலும் பங்கு பிரிக்க வசதி என்று, ஒரு நகரத்துக்கு 5,040 குடும்பங்கள் போதும் என்று பிளேட்டோ கணக்குப் போட்டிருந்தார். அதன் வகுத்திகள் 60. அறுபதின் வகுத்திகள் 12. பன்னிரண்டுக்கு 6, ஆறுக்கு 4, நான்குக்கு 3. இதைக் கீழிருந்து திருப்பிப் பாருங்கள். 3 வகுத்திகள் உள்ள மிகச் சிறிய எண் 4. நான்கு வகுத்திகள் உள்ள மிகச் சிறியது 6. ஆறுக்கு 12, பன்னிரண்டுக்கு 60, அறுபதுக்கு 5,040. 5,040 வகுத்திகள் உள்ள மிகச் சிறிய எண் 293318625600. ஒவ்வொன்றும் அடுத்ததைக் கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிற ஏணி இது. அடுத்த படி 75 இலக்கம் உள்ள ஓர் எண், அதன் வாலில் பன்னிரண்டு சுழியம்.

கீழ்ப்படிகளில் நிற்கும் எண்கள் நம் வீட்டுக்குள் புழங்கியவை. 12 மரக்கால் ஒரு கலம். 60 நாழிகை ஒரு நாள். பிரபவ முதல் அட்சய வரை 60 வருஷம் ஒரு சுற்று, அது முடிந்தால் மணிவிழா. நெல் அளந்தவர்களும் நாள் குறித்தவர்களும் இந்த எண்களைப் பிடித்தது பங்கு போட வசதியாக இருந்ததால்தான். பாதி, மூன்றில் ஒன்று, கால், ஆறில் ஒன்று எது கேட்டாலும் 12 கொடுக்கும், 10 கொடுக்காது. அந்தப் படியில் தொடங்கி ஏறிக்கொண்டே போனால், மூன்றே படியில், இராமானுஜன் தாண்டிப்போன எண்ணின்மேல் கால் வைக்கிறோம்.

அக்கா மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். போன பொங்கலுக்கு நான் பண்ணைக்குப் போயிருந்தபோது இந்தக் கதையை முழுக்கச் சொன்னேன். முட்டை அறையின் சிமெண்ட் சுவரில், வண்டிக் கணக்கு எழுதும் சாக்பீஸால் எண்ணை எழுதினாள். 1 முதல் 22 வரை எல்லா எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடும் என்றேன். நம்பவில்லை. ஏழால் வகுத்தாள், பதினொன்றால் வகுத்தாள், பத்தொன்பதால் வகுத்தாள். பத்தொன்பதுக்கு ஈவு 15437822400, மீதி இல்லை. “இருபத்திமூணு என்னாகுமுங்க மாமா?” என்று கேட்டாள். வகுத்துப் பாரு கண்ணு என்றேன்.

பக்கத்தில் அட்டை அடுக்கிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் கையை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தார். 12752983721 என்று ஈவு இறங்கியது. கடைசி வரியில் கோடு போட்டு, கழித்து, கீழே எழுதினாள்: மீதி 17. சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், வகுத்தல் முழுவதையும் முழங்கையால் அழித்தாள். எண்ணை மட்டும் விட்டுவிட்டாள்.